ஐசியூவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு

1. மழை ஓய்ந்து பனி தொடங்கும் மாதங்களில், ஒரு வாரக் காய்ச்சலோடு மூச்சுத் திணறி வருகிறவர் யாரானாலும் ஸ்க்ரப் டைஃபஸை நினையுங்கள். பிளேட்லெட் குறைந்திருக்கும், கல்லீரல் என்சைம் ஏறியிருக்கும். இதைப் பார்த்து டெங்கு என்று கேஸ் ஷீட்டில் முதல் ஆள் எழுதிவிட்டால், அடுத்த ஷிப்டில் வருகிறவர் அதை அப்படியே நகலெடுப்பார்.

2. உடம்பு முழுக்கத் தேடுங்கள். பூச்சி கடித்த இடத்தில் எஸ்கார் இருக்கலாம். பீடியால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு. வலிக்காது, அதனால் நோயாளி சொல்லமாட்டார். அக்குள், தொடையிடுக்கு, விதைப்பை, மார்பகத்துக்கு அடியில், பாவாடை நாடா இறுகும் இடுப்பு, காதுக்குப் பின்னால், முடிக்குள் எல்லாம் பாருங்கள். ஈரமான மடிப்புகளில் கறுப்பே இருக்காது. வெளிறிய சின்னப் புண்தான். ஓரிடத்தில் நெறி கட்டியிருந்தால் அதைச் சுற்றித் தேடுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவரை சிஸ்டர்கள் திருப்பிப் போடும்போது டார்ச்சோடு கூடவே நில்லுங்கள். பெண் நோயாளி என்று கூச்சப்பட்டு விட்டுவிட வேண்டாம்; திரை போட்டு, சிஸ்டரை உடன் வைத்துப் பாருங்கள். புண் கிடைக்கவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று எழுதாதீர்கள்.

3. எலிசா ரிசல்ட்டுக்காக மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள். முதல் வாரத்தில் ஐஜிஎம் நெகட்டிவாக வரலாம். வெயில்-ஃபெலிக்ஸை நம்பி நோயை ஒதுக்கவே கூடாது.

4. விலை உயர்ந்த ஆன்டிபயாடிக் எழுதினால்தான் வைத்தியம் என்றொரு நினைப்பு நமக்கு. இந்தக் கிருமி செல்லுக்குள் வாழ்வது. செஃப்ட்ரியாக்சோனுக்கும் மெரோபெனத்துக்கும் அசையாது. டாக்ஸிசைக்ளின் கேட்கும். நோய் முற்றியவர்களுக்கு நரம்பு வழியாக டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து 7 நாள் கொடுத்தபோது, ஒன்றை மட்டும் கொடுத்ததைவிடச் சிக்கல்கள் குறைந்தன என்று 2023-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. இறப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஊசி கிடைக்காத ஊரில் மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாய் வழியே முதலில் 200, பிறகு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 100 மில்லிகிராம் கொடுங்கள். கால்சியம், இரும்பு, அன்டாசிட் எதையும் அதோடு சேர்க்காதீர்கள். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின்.

5. உள்ளங்கை, உள்ளங்கால் வரை சிவப்புப் புள்ளிகள் இருந்தால் ஸ்பாட்டட் ஃபீவரை நினையுங்கள். மாநிறத் தோலில் பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். அதற்கும் டாக்ஸிசைக்ளின்தான்.

6. ஸ்க்ரப் டைஃபஸ் ரத்தக் குழாய்கள் கசியும் நோய். பிபி குறைகிறதென்று சலைனைக் கொட்டினால் நுரையீரல் நிரம்பிவிடும்; நார்அட்ரினலினைச் சீக்கிரம் தொடங்குங்கள்.

7. மருந்து தொடங்கிய பின் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்கவில்லையா? மலேரியா ஸ்மியரைத் திரும்பப் பாருங்கள், எலிக்காய்ச்சலுக்கு அனுப்புங்கள், சென்ட்ரல் லைனில் தொற்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.