350 வி8-க்கு எந்த அளவு ஹெடர்?

ஷெவர்லே 1967-இல் காமரோவில் கொண்டுவந்த 350 கன அங்குல (5.7 லிட்டர்) ஸ்மால் பிளாக் வி8 மேல் அமெரிக்க கார்ப் பித்தர்களுக்கு இன்றும் ஆசை தீரவில்லை. அதற்கு எக்ஸாஸ்ட் ஹெடர் (ஒவ்வொரு சிலிண்டரின் புகையையும் தனித்தனிக் குழாயில் வெளியே கொண்டுபோகும் அமைப்பு) மாற்றும்போது கவனிக்க வேண்டியவை:

1. குழாய் பெருத்தால் பவரும் பெருகும் என்று நம்பாதீர்கள். வேகமாகப் பாயும் புகை தனக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைத்துவிட்டுப் போகும். சிலிண்டரில் மிஞ்சியதை அதுதான் உறிஞ்சி எடுக்கிறது. தேவைக்கு மேல் பெரிய குழாயில் புகை சோம்பிவிடும்; சிக்னலில் கிளம்பும்போது வண்டி இழுக்காது. 'என்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்' என்பார்கள். வேண்டியது அதுவல்ல, வேகம்.

2. கையில் கால்குலேட்டர் இருந்தால் போதும். ஒரு சிலிண்டரின் கன அங்குலத்தை, உச்ச இழுவை எந்த ஆர்பிஎம்மில் வேண்டுமோ அதனால் பெருக்கி 88,200-ஆல் வகுங்கள். குழாயின் உள் குறுக்குவெட்டுப் பரப்பு சதுர அங்குலத்தில் கிடைக்கும். இங்கே 350-ஐ 8-ஆல் வகுத்தால் 43.75. 4,000 ஆர்பிஎம்முக்குக் கணக்குப் போட்டால் 1.98 சதுர அங்குலம், அதாவது உள்விட்டம் 1.59 இன்ச். தோராயக் கணக்குதான், ஆனால் கடைக்காரர் வாய்க்கு இது மேல்.

3. கடையில் சொல்வது வெளிவிட்டம். 18 கேஜ் குழாயின் கனம் 0.049 இன்ச், இரு பக்கமும் கழித்தால் 1⅝ இன்ச் குழாயின் உள்ளே 1.53 இன்ச்தான். அதன் இழுவை 3,700 ஆர்பிஎம் பக்கம் உச்சத்தைத் தொடும். 1¾ இன்ச் என்றால் 4,300. தினமும் தெருவில் ஓட்டும் வண்டிக்கு என் ஓட்டு 1⅝-க்கே.

4. 1¾-க்குப் போக வேண்டுமானால் கேம்ஷாஃப்ட்டும் சிலிண்டர் ஹெட்டும் அதற்கேற்றபடி மாறியிருக்க வேண்டும். ஸ்டாக் கேமை வைத்துக்கொண்டு பந்தயக் குழாய் மாட்டினால் சத்தம்தான் மிச்சம்.

5. குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டர் 3 இன்ச். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

6. கேஸ்கெட்டை ஹெடரின் ஃபிளேஞ்சின் மேல் வைத்துப் பாருங்கள். குழாயின் வாய் ஹெட்டின் போர்ட்டைவிடச் சிறுத்து, விளிம்பு புகைக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சற்றுப் பெரிதாக இருப்பது நல்லதே. இரண்டுக்கும் நடுவே விழும் அந்தச் சிறு படி, புகை திரும்பி உள்ளே ஏறாமல் தடுக்கும்.

7. ஸ்பார்க் பிளக்குக்கு ஸ்பேனர் நுழையுமா, ஸ்டீயரிங் தண்டிலும் ஸ்டார்ட்டர் மோட்டாரிலும் இடிக்குமா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். ஒரே ஒரு பிளக்கை மாற்ற ஹெடரையே கழற்றுவது பெரிய தண்டனை.

8. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு வந்த காரில் அதைக் கழற்றிவிட்டுத் தெருவில் ஓட்டுவது அமெரிக்காவில் சட்டவிரோதம். கலிபோர்னியாவில் ஹெடருக்கே அரசின் அனுமதி எண் தேவைப்படலாம்.

9. மாட்டிய பிறகு ஒருமுறை சூடேறி ஆறியதும் போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். புகை எளிதாக வெளியேறுவதால் காற்றும் கூடுதலாக உள்ளே வரும். கார்புரேட்டரின் பெட்ரோல் போதாமல் போகலாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்து, வெள்ளையாக வெளுத்திருந்தால் ஜெட்டை ஓர் அளவு கூட்டுங்கள்.