கண்ணாற் காணாத ஆசான்

புது தில்லியில் மந்திர் மார்க் என்னும் சாலையில், பிர்லா மந்திர் என்று வழங்கும் லட்சுமி நாராயணர் கோயிலை ஒட்டி, மகாபோதி சங்கத்தாரின் புத்த விகாரை உளது. கோயிலுக்குச் செல்லும் பெருங்கூட்டத்தில் பலர் விகாரையைத் திரும்பியும் பாராமல் கடந்து போவர். அதே சாலையில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் இருப்பதால், தமிழ்க் குடும்பங்களுக்கு அது பழகிய இடமே. சென்ற வைசாகப் பௌர்ணமியன்று, வந்தனை முடிந்தபின், தமிழ் அன்பர் சிலருடன் அவ்விகாரையில் அமர்ந்திருந்தேன். அவர்களுள் ஓர் இளைஞர் கேட்டார்: “ஐயா, எங்கள் சங்கத்தை நடத்துவதற்கு ஆள் இல்லை. தலைமை என்பதைக் கற்றுக்கொள்ள நாங்கள் யாரிடம் போவது? பாபாசாகேபை நாங்கள் பார்த்ததில்லை. அயோத்திதாசப் பண்டிதரைப் பார்த்ததில்லை. படத்தில் இருப்பவரிடம் பாடம் கேட்க முடியுமா?”

கேள்வி நல்ல கேள்வி. அன்று அவருக்குச் சொன்னதையே விரித்து இம்மாதப் பாடமாக எழுதுகிறேன்.

மஜ்ஜிம நிகாயத்தில் தாதுவிபங்க சூத்திரம் என்று ஒன்று உண்டு. வரிசையில் அது 140-ஆவது. பகவன் புத்தர் மகத நாட்டில் யாத்திரை செய்துவருகையில் இராஜகிருகத்தை அடைந்து, பக்கவன் என்னும் குயவனுடைய பட்டறையில் ஓரிரவு தங்க இடம் கேட்கிறார். அங்கே முன்னரே ஒரு துறவி தங்கியிருக்கிறார். அவர் பெயர் புக்குசாதி. இருவரும் இரவில் நெடுநேரம் தியானத்தில் அமர்ந்திருக்கின்றனர். அவருடைய அமைதியைக் கண்ட பகவன், “உம்முடைய ஆசிரியர் யார்?” என்று வினவுகிறார். சாக்கிய குலத்துக் கோதமரை முன்னிட்டே தாம் துறவு பூண்டதாகவும், அவர் வடக்கே சாவத்தியில் இருப்பதாகவும் புக்குசாதி விடையளிக்கிறார். அவரைக் கண்டதுண்டா என்றால், இல்லை. கண்டால் அறிந்துகொள்வீரா என்றால், அதுவும் இல்லை!

நானே அவன் என்று பகவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் புக்குசாதி காலில் விழுந்திருப்பார். பாடம் அத்துடன் நின்றிருக்கும். பகவன் அறத்தை உபதேசிக்கிறார். நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி, உணர்வு எனப் பகுத்துக் காட்டி, இவற்றுள் எதையும் ‘யான்’ என்றும் ‘எனது’ என்றும் பற்றாதிருக்கும் நெறியை விளக்குகிறார். அதைக் கேட்டு முடித்தபோதே தம் ஆசான் தம்மெதிரில் இருப்பதைப் புக்குசாதி உணர்கிறார். அறியாமையால் தோழரே என்று அழைத்துவிட்டதற்கு மன்னிப்பும் கோருகிறார். முகத்தை அறியாதவர், போதனையைக் கொண்டு ஆசானை அறிந்தார்.

நம்முடைய நிலை இதற்கு நேர்மாறு. பாபாசாகேபின் முகத்தை நம் வீட்டுக் கைக்குழந்தையும் அறியும். கண்ணாடி, நீலக் கோட்டு, கையில் நூல், உயர்த்திய விரல் எல்லாம் நமக்குத் தெரியும். அந்தப் படத்தை எடுத்துவிட்டு, அவர் செய்த காரியத்தையும் செய்த முறையையும் மட்டும் நம்முன் வைத்தால், இது அவருடையது என்று நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

பாபாசாகேபும் கண்ணாற் காணாத ஆசான்களிடம் கற்றவரே. புத்தர், கபீர், ஜோதிராவ் பூலே ஆகிய மூவரையும் தம் குருமார்களாக அவர் கூறினார். முதல் இருவரும் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவர்கள். பூலே மறைந்தது 1890 நவம்பர் 28-ஆம் நாள். அம்பேத்கர் பிறந்தது 1891 ஏப்ரல் 14-ஆம் நாள். இடையில் ஐந்து மாதம்கூட முழுமையாக இல்லை. புத்தர் அவரிடம் வந்ததும் நூல் வழியாகவே. பள்ளி மாணவராயிருந்தபோது கேளுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் சரித்திரத்தை அவருக்குப் பரிசளித்தார். அதில் விழுந்த விதை 1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் மரமாயிற்று.

பூலேயோ தாமும் அவ்வாறு கற்றவர். இங்கிலாந்தில் பிறந்த தாமஸ் பெயின் என்பாரின் மனித உரிமை நூலை இளமையில் படித்துக் கிளர்ச்சியுற்றவர். பெயின் இறந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்தே பூலே பிறந்தார். 1873-ல் ‘குலாம்கிரி’ நூலை வெளியிட்டபோது, கறுப்பின மக்களை அடிமைத் தளையினின்று விடுவித்த அமெரிக்க நன்மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அவர்களுள் எவரையும் அவர் பார்த்திருப்பார் என்பதற்கில்லை. பின்னர் 1946-ல் அம்பேத்கர் சூத்திரர் வரலாறு பற்றிய தம் நூலைப் பூலேக்குக் காணிக்கையாக்கினார்.

பூலேயிடம் அம்பேத்கர் எதைக் கற்றார் என்பதைத் தண்ணீரைக் கொண்டே பார்க்கலாம். 1868-ல் பூலே தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதார் எனப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார். அது தம் சொந்த வீட்டில், தம் உறவினரின் கோபத்தைத் தாங்கிச் செய்த காரியம். அம்பேத்கருக்குத் திறந்துவிடத் தக்க தொட்டி எதுவும் சொந்தமாக இல்லை. ஆகவே 1927 மார்ச் 20-ல் மகாட் நகரின் சவதார் குளத்திற்கு மக்களை அழைத்துச் சென்று, தாமே முதலில் நீரை அள்ளிப் பருகினார். அதற்கு முன்னரே 1923-ல் பம்பாய்ச் சட்டசபையின் தீர்மானமும், 1924-ல் மகாட் நகராட்சியின் தீர்மானமும் அக்குளத்தைத் திறந்துவிட்டிருந்தன. தாளில் இருந்ததை அவர் தரையில் நடத்திக் காட்டினார். திரும்புகையில் மக்கள் தாக்கப்பட்டனர். திருப்பித் தாக்காமல் தம் ஆட்களை அடக்கி வைத்தார். பிறகு வழக்கு. உயர்நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது 1937-ல். ஒரு கைப்பிடி நீரைக் குடிக்க ஒரு நாள். அதைக் காக்கப் பத்தாண்டுகள். அந்த ஒரு நாளின் படம் நம் சுவர்களில் இருக்கிறது. பத்தாண்டுக் கட்டுகள் யாருடைய சுவரிலும் இல்லை.

என் பிழை ஒன்றை இங்கே கூறவேண்டும். நான் ஆலையில் நூற்பு இலாகாவில் வேலை பார்த்தவன். ஆலை மூடப்பட்டபின் நிலுவையும் கிராஜுவிட்டியும் கேட்டு ஓர் அதிகாரியின் முன் சென்ற ஐவரில் நானும் ஒருவன். மேடைகளில் கேட்ட தோரணையில் அம்பேத்கர் பெயரைச் சொல்லி முழங்கினேன். உடன் வந்தவர்கள் கண் கலங்கினர். அதிகாரி முழுவதும் கேட்டார்; பின்பு, “மொத்தம் எத்தனை பேர்? யார் யாருக்கு எத்தனை வருஷ சர்வீஸ்? பட்டியல் இருக்கிறதா?” என்றார். எங்களிடம் பட்டியல் இல்லை. அதைத் தயாரிக்க நான்கு மாதம் ஆயிற்று. அந்நான்கு மாதத்தில் எங்கள் பகுதியிலேயே இருவர் இறந்துபோயினர். ஒருவருடைய மனைவி அடக்கச் செலவுக்குக் கடன் வாங்கினார். அதன் பின்னரே, 1919-ல் வாக்குரிமை பற்றி விசாரித்த சௌத்பரோ குழுவின் முன் அம்பேத்கர் அளித்த வாக்குமூலத்தைப் படித்தேன். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. ஜனத்தொகைக் கணக்கு, எத்தனை ஸ்தானம் வேண்டும், ஏன் வேண்டும் என்று அடுக்கியிருக்கிறார். என் ஆசானின் குரலைப் பின்பற்றினேனேயன்றி அவர் செய்த வேலையைப் பின்பற்றவில்லை என்று அன்று விளங்கியது.

1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்திற்கு வழியாகும் என்று எச்சரித்தவரும் அவரே. அந்த எச்சரிக்கையிலிருந்து தம்மை அவர் விலக்கிக்கொள்ளவில்லை. நம்முள் சிலருக்கு இது கசக்கும். கசந்தாலும் படிக்கவேண்டும். பூலேயைக் குருவாகக் கொண்ட அவர், பூலே வகுத்த சார்வஜனிக சத்திய தர்மத்தை ஏற்காமல் பௌத்தத்தையே ஏற்றார் என்பதையும் இதனுடன் சேர்த்து நினைக்க வேண்டும்.

“உயிரோடிருக்கும் தலைவர் ஒருவர் இல்லாமல் சங்கம் எப்படி நடக்கும்?” என்று தில்லி அன்பர் மீண்டும் கேட்டார். இதே கேள்வியை மகத நாட்டு அமைச்சர் வஸ்ஸகாரர் ஆனந்தரிடம் கேட்டார். கோபக மொக்கல்லான சூத்திரத்தில் அது உளது. பகவன் பரிநிர்வாணமடைந்து அதிக காலம் ஆகவில்லை. தமக்குப்பின் இன்னாரே உங்களுக்குப் புகலிடம் என்று பகவன் யாரையேனும் நியமித்தாரா? இல்லை. பிக்குக்களாவது கூடி யாரையேனும் நியமித்தனரா? அதுவும் இல்லை. அப்படியானால் உங்கள் ஒற்றுமைக்கு ஆதாரம் என்ன? அறமே புகலிடம் என்கிறார் ஆனந்தர். அவர் அத்துடன் விடவில்லை, நடைமுறையைச் சொல்கிறார். ஓர் ஊரைச் சார்ந்து வாழும் பிக்குக்கள் அனைவரும் உபோசத நாளில் ஓரிடத்தில் கூடுவர். விதிகளை அறிந்தவர் ஓதுவார். குற்றம் செய்தவர் இருந்தால், ஆளைப் பாராது அறத்தின்படி நடவடிக்கை எடுக்கப்படும். மதிக்கத்தக்கவரை அறியப் பத்துக் குணங்களையும் கூறுகிறார். ஒழுக்கம், நிறைந்த கேள்வி, கிடைத்ததில் திருப்தி ஆகியவை அவற்றுள் முதலில் வருவன. பேச்சுத்திறன் என்று தனியே ஒன்று அப்பட்டியலில் இல்லை. பிரசங்கியாகிய எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் சற்று உறுத்தும்.

நம் தமிழ்ப் பௌத்தத்தின் கதையும் இதுவே. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார்; 1907-ல் ‘தமிழன்’ இதழைத் தொடங்கினார்; 1914-ல் மறைந்தார். பேராசிரியர் லட்சுமி நரசு 1907-ல் வெளியிட்ட பௌத்த சார நூல், அவர் 1934-ல் மறைந்தபின், 1948-ல் அம்பேத்கரின் முன்னுரையுடன் மீண்டும் வெளிவந்தது. சென்னையில் எழுதப்பட்ட நூலை மகாராஷ்டிரத்தார் ஒருவர் எடுத்து நமக்கே திருப்பித் தந்தார்.

இவ்வளவும் கேட்டபின் நான் அந்த இளைஞரை ஒன்று கேட்டேன்: “உங்கள் சங்கத்தின் அங்கத்தினர் பெயர்ப் பட்டியலும் வரவு செலவுக் கணக்கும் யாரிடம் இருக்கின்றன?” அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பட்டியல் இறந்துபோன ஒரு பெரியவரின் பெட்டியில் இருக்கக்கூடும் என்றார் ஒருவர். கணக்கு எழுதியே மூன்று வருஷம் ஆகிறது என்றார் மற்றொருவர். அப்பெரியவரின் வீடு கரோல் பாக்கில், விகாரையிலிருந்து தொலைவில்லை. வந்தனைக்கு விரித்த பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, மூவர் அப்போதே புறப்பட்டனர்.