அடுப்புப் புகையும் நுரையீரலின் இழையும்

மேலூர்ப் பகுதிக் கிராமங்களிலிருந்து இளைப்புடன் வரும் மூதாட்டியருக்கு 'நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்' என்று நாங்கள் கூறியவுடன், உடன் வந்த பிள்ளைகள் கேட்பது, "எங்க அம்மா பீடியத் தொட்டதே இல்லையே, டாக்டர்?" என்பதுதான். நியாயமான கேள்வி. விடை விறகடுப்பில் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைப்பழக்கம் இல்லாத 900 பெண்களைப் பரிசோதித்து 2011-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு இருவருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. அடுப்படியில் நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருந்தோரிடம் அது மிகுதி.

நம் நுரையீரலில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவர்களில் எலாஸ்டின் என்னும் மீள் இழை ஓடுகிறது. உடுப்பில் தைத்த எலாஸ்டிக் போன்றதே அது. மூச்சை இழுக்கையில் விரியும். பின் தானே சுருங்கிக் காற்றை வெளியே தள்ளும். புகை படும்போது, கிருமி நுழைந்தாற்போல் வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. கிருமியை அழிப்பதற்காக அவை வைத்திருக்கும் எலாஸ்டேஸ் என்னும் நொதி வெளியே கசிந்து, நம் இழையையே அறுக்கிறது. விழுங்கணுக்கள் சுரக்கும் வேறு சில நொதிகளும் அதற்குத் துணைபோகின்றன.

இந்நொதியை அடக்குவதற்கென்றே கல்லீரல் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தைச் சுரக்கிறது. இப்புரதம் பிறவியிலேயே குறைந்தவர்களை 1963-இல் சுவீடனில் லாரெல், எரிக்சன் ஆகிய இருவர் கண்டறிந்தனர். அவர்களுள் சிலருக்கு இளவயதிலேயே நுரையீரல் சிதைந்திருந்தது. நொதிகளே இழையைச் சிதைக்கின்றன என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. அப்பிறவிக் குறை நம் நாட்டில் அரிது. ஆயினும், போதிய அளவு இருக்கும் புரதத்தையும் புகை செயலிழக்கச் செய்துவிடுகிறது.

சுவர்கள் அறுந்த நுண்ணறைகள் ஒன்றாகிப் பெரும் பைகளாகின்றன. உட்சென்ற காற்று முழுதும் வெளியேறாமல் தேங்குகிறது. நோயாளிகள் மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கே பாடுபடுவது இதனால்தான். உதட்டைக் குவித்து, விளக்குச் சுடரை அணைக்காமல் அசைப்பதுபோல் மெதுவாக ஊதச் சொல்வதும் இதற்காகவே.

எலாஸ்டின் பெரும்பாலும் இளமைக்குள் உருவாகி முடிந்துவிடுவது. இன்ஹேலர் மூச்சுக்குழாயை விரிக்கும். அறுந்த இழையைத் தைக்காது. இதைக் குடும்பத்தாரிடம் மறைப்பதில் பயனில்லை என்பது எங்கள் கருத்து. மருந்தையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, 'வெந்நீருக்கு மட்டும்' என்று விறகடுப்பையும் விடாதிருந்தால் அறுப்பு தொடரும். எரிவாயு உருளை வீட்டில் இருந்தும் விருந்தாளி வந்தால் மட்டுமே பற்றவைப்பதாகச் சொல்லப் பலமுறை கேட்டிருக்கிறோம்.

இளைப்பு கூடிச் சளி பச்சையாக மாறினால், வெள்ளணுக்கள் மீண்டும் பெருமளவில் திரண்டுவிட்டன என்று பொருள். அன்றே அழைத்து வாருங்கள். அடுத்த சந்தை நாள் வரை காத்திருக்க வேண்டாம்.