நித்திரையும் நினைவும்

யானைக்கவுனி என்னும் பெயரை நாள்தோறும் வழங்கும் நம்மிற் பலர், கவுனி என்பது வாயிலைக் குறிக்கும் என்பதை நினைப்பதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் கருப்பர் பட்டணத்தைக் காக்க எழுப்பிய மதிலின் வாயில்களுள் இதுவும் ஒன்று. வாயில் மறைந்தது, பெயர் மாத்திரம் நின்றது. இன்று அவ்விடத்தில் இரவும் ஓசை ஓய்வதில்லை. ஒருபுறம் சென்ட்ரல் நிலையத்து இருப்புப்பாதை. மறுபுறம் வால்டாக்ஸ் சாலையின் சரக்கு லாரிகள். இவற்றினிடையே சிறு வீடுகளிற் பாய் விரித்துப் படுக்கும் மாணாக்கர் பலர். பரீட்சை நெருங்குங்கால் அப்பாயையும் சுருட்டி வைத்து, தேநீரின் துணையால் விடியுமளவும் விழித்துப் படிப்பதே பெருமுயற்சி எனக் கருதுகின்றனர். அம்முயற்சி பயன் தருமோ என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நாம் கற்பன முதற்கண் மூளையின் உட்புறத்தில், கடற்குதிரை வடிவில் அமைந்த ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் துணையாற் பதிகின்றன. ஆழ்ந்த நித்திரையில் அப்பகுதி பகலிற் கற்றவற்றை மீண்டும் எழுப்பி, மூளையின் புறணியில் நிலைபெறச் செய்கின்றது. 1924-ஆம் ஆண்டில் ஜெங்கின்ஸ், டாலன்பாக் என்னும் அறிஞர் இருவர், பொருளற்ற அசைகளை மாணவர் இருவரைக் கொண்டு மனனம் செய்வித்துச் சோதித்தனர். கற்றபின் உறங்கியபோது மறதி குறைந்தும், விழித்திருந்தபோது மிகுந்தும் காணப்பட்டது. ஆகவே, உறக்கத்தைத் துறந்து படிப்பவன், ஓட்டைக் குடத்தில் நீர் முகப்பவனை ஒப்பான்.

நினைவுக்கு நேரும் இடர் மனத்திற்கும் நேர்கின்றது. அச்சத்தை எழுப்பும் அமிக்டலா என்னும் பகுதியை, நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி அடக்கி நடத்துவது இயல்பு. ஓரிரவு முழுதும் விழித்தோரிடம், வருந்தத்தக்க படங்களைக் கண்டபோது அமிக்டலாவின் கிளர்ச்சி சுமார் 60 விழுக்காடு மிகுந்ததென 2007-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. பரீட்சை மண்டபத்திற் கை நடுங்குவதற்குப் பாடத்தின் கடுமை மாத்திரமே காரணமன்று.

நம் சென்னையிலேயே நடந்த சோதனை ஒன்று இங்குப் பெரிதும் கருதத்தக்கது. கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் முதலிய பொருளியல் அறிஞர் ஐவர், கணினியில் விவரம் பதியும் வேலையில் 452 பேரை அமர்த்தி, மணிக்கட்டிற் கருவி பூட்டி அவர்தம் துயிலை அளந்தனர். அதன் முடிபு 2021-இல் வெளிவந்தது. அவர்கள் இரவிற் சுமார் எட்டு மணி நேரம் படுக்கையிற் கிடந்தும், உறங்கியது ஐந்தரை மணி நேரமே! சிலருக்குக் கண்மறைப்பு, செவியடைப்பு முதலியன அளித்து அறிவுரையும் கூற, இரவுத்துயில் 27 நிமிஷம் வளர்ந்தது. ஆயினும் வேலைத்திறமோ மனநலமோ குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. படுக்கும் நேரம் நீண்டதேயன்றி, துயிலின் இடையறவு நீங்கவில்லை. பிற்பகலில் வேலையிடத்திலேயே அமைதியாக அரைமணி நேரம் உறங்கியவர்க்கோ, வேலை நேரம் சற்றுக் குறைந்தபோதிலும், கவனமும் வேலைத்திறமும் மனநலமும் மேம்பட்டன. பாயிற் கிடந்த நேரம் வேறு, துயின்ற நேரம் வேறு என்பதும், இடையறாத சிறுதுயிலும் பயன் தருமென்பதும் இதனாற் பெறப்படும்.

நித்திரைக்கு உற்ற தோழன் தேகப்பயிற்சி. அது துயிலை ஆழமாக்கும், மனக்கவலையைத் தணிக்கும். அமெரிக்காவில் முதியோர் 120 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஓராண்டு, வாரம் மும்முறை, நாற்பது நிமிஷம் வரை விரைந்து நடக்கச் செய்தனர். நடந்தோரின் ஹிப்போகாம்பஸ் 2 விழுக்காடு வளர்ந்தது; உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தோர்க்கு அது சுருங்கிற்று. 2011-இல் இது வெளியாயிற்று. செலவில்லாத மருந்து இதனினும் வேறுண்டோ?

மாணவ நண்பர்களே! வால்டாக்ஸ் சாலையின் ஓசையை நிறுத்த நம்மால் இயலாது. ஆயினும் அன்றன்று படித்து, உரிய காலத்தில் உறங்கி, மாலையில் அரைமணி நேரம் நடக்க இயலும். பகலிற் கண்ணயர்வோனைச் சோம்பேறி என்று இகழாதிருக்கவும் இயலும். அவன் வீட்டு இரவை நாம் அறியோம். நமது கலாசாலை, வாசகசாலைக்கு அருகே அமைதியான அறை ஒன்றைப் பிற்பகல் துயிலுக்கு ஒதுக்குமாயின், சிறு வீடுகளிலிருந்து வரும் மாணாக்கர்க்கு அது பேருதவியாகும். இதனை மேலோர் கருணையோடு ஆலோசிப்பார்களாக.