சிறந்த மிருகக்காட்சிசாலை எது?

நெகிரி செம்பிலானில் பகாவ், ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் வளரும் மாணவர்களுக்கு விலங்குகள் புதியவை அல்ல. செம்பனை மரங்களுக்கிடையே காட்டுப்பன்றி ஓடுவதையும் கால்வாய் ஓரத்தில் உடும்பு ஊர்வதையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். எலிகளைக் கட்டுப்படுத்தத் தோட்டத்தில் வைக்கப்படும் பெட்டிகளில் கூகைகள் குடியிருப்பதையும் கண்டிருப்பார்கள். ஆயினும், தேசிய மிருகக்காட்சிசாலைக்குக் கல்விச் சுற்றுலா என்றவுடன் அவர்களுக்குத் தனி உற்சாகம் பிறக்கிறது. வீடு திரும்பியதும், “எத்தனை விலங்குகளைப் பார்த்தாய்?” என்று பெற்றோர் கேட்பார்கள். ஒரு மிருகக்காட்சிசாலையின் தரத்தை அறிய இந்த ஒரு கேள்வி போதுமா?

இதற்கு விடை காண இந்தியாவில் நடந்த ஒரு மதிப்பீடு உதவும். அந்நாட்டு மிருகக்காட்சிசாலைகளை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் கண்காணித்து வருகிறது. 2022ஆம் ஆண்டு அவற்றின் நிர்வாகத் திறன் மதிப்பிடப்பட்டு, தரவரிசை வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டின் வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 82 விழுக்காடு பெற்று இரண்டாம் இடத்தைப் பிடித்தது. 83 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது டார்ஜிலிங்கில் உள்ள பத்மஜா நாயுடு இமாலய உயிரியல் பூங்கா. வண்டலூர்ப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 602 ஹெக்டர். டார்ஜிலிங் பூங்காவோ 30 ஹெக்டருக்கும் குறைவானது. எனவே, பரப்பளவு மட்டுமே தரத்தை முடிவு செய்வதில்லை என்பது தெளிவாகிறது.

டார்ஜிலிங் பூங்கா, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. அங்குள்ள குளிருக்கு ஏற்ற பனிச்சிறுத்தை, சிவப்புப் பாண்டா போன்ற அரிய விலங்குகளை அது வளர்த்துப் பெருக்குகிறது. அங்குப் பிறந்த சில சிவப்புப் பாண்டாக்கள் சிங்கலிலா தேசியப் பூங்காவின் காட்டில் விடப்பட்டுள்ளன. வண்டலூர்ப் பூங்காவின் சிறப்பு வேறு வகையானது. 1855இல் சென்னை நகருக்குள் தொடங்கப்பட்ட அந்த மிருகக்காட்சிசாலை, இட நெருக்கடி காரணமாக நகருக்கு வெளியே மாற்றப்பட்டு, 1985இல் திறந்துவைக்கப்பட்டது. விலங்குகள் இரும்புக் கூண்டுகளுக்குப் பதிலாக, மரங்களும் அகழியும் சூழ்ந்த திறந்த வெளிகளில் நடமாடுகின்றன.

இவ்விரு பூங்காக்களும் நமக்கு ஓர் அளவுகோலைத் தருகின்றன. காட்டில் சுதந்திரமாக வாழ வேண்டிய விலங்கை மனிதன் அடைத்து வைக்கிறான். அதற்கு ஈடாக அந்த விலங்குக்கும் அதன் இனத்துக்கும் அவன் எதைத் திருப்பித் தருகிறான் என்பதே அந்த அளவுகோல்.

நம் நாட்டின் தேசிய மிருகக்காட்சிசாலையை 1963இல் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்தார். 2014இல் சீனாவிலிருந்து வந்த இரண்டு பாண்டாக் கரடிகளைக் காணக் கூட்டம் அலைமோதியது. அவை இங்கு மூன்று குட்டிகளை ஈன்றன. அதே வளாகத்தில், அதிக ஆரவாரமின்றி மற்றொரு பணியும் நடந்தது. அழிவின் விளிம்பில் இருக்கும் பால்நிற நாரைகள் அங்கு இனப்பெருக்கம் செய்யப்பட்டன. அவற்றுள் சில, கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் பறக்கவிடப்பட்டன.

இத்தகைய பணி தாமதமானால் என்ன நேரும் என்பதையும் நாம் அறிய வேண்டும். சுமத்ரா காண்டாமிருகம் ஒரு காலத்தில் தீபகற்ப மலேசியாவிலும் சபாவிலும் வாழ்ந்தது. எஞ்சியிருந்த சிலவற்றைச் சபாவில் ஒரு காப்பகத்தில் சேர்த்து, குட்டி ஈனச் செய்ய முயன்றனர், முயற்சி பலிக்கவில்லை. 2019 மே மாதம் ‘தாம்’ என்ற கடைசி ஆண் விலங்கும், அதே ஆண்டு நவம்பரில் ‘இமான்’ என்ற கடைசிப் பெண் விலங்கும் இறந்தன. அத்துடன் அவ்வினம் நம் நாட்டிலிருந்து மறைந்தது. நம் தேசியச் சின்னத்தில் இடம்பெற்றுள்ள புலியின் நிலையும் கவலைக்குரியதே. மலாயாப் புலிகள் இன்று காட்டில் 150க்கும் குறைவாகவே உள்ளன.

ஆகவே, அடுத்த முறை மிருகக்காட்சிசாலைக்குச் செல்லும்போது விலங்குகளை எண்ணுவதோடு நின்றுவிடக் கூடாது. அவற்றுக்கு நிழலும் நீரும் ஒதுங்க இடமும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒரு விலங்கு ஒரே பாதையில் ஓயாமல் முன்னும் பின்னும் நடந்தால் அது மனஉளைச்சலின் அறிகுறியாக இருக்கலாம். பார்வையாளர்கள் தின்பண்டங்களை வீசாமல் காவலர்கள் தடுக்கிறார்களா, அறிவிப்புப் பலகை விலங்கின் பெயரை மட்டுமன்றி அதன் காடு எந்நிலையில் உள்ளது என்பதையும் கூறுகிறதா என்றும் கவனிக்க வேண்டும். இவ்வாறு பார்க்கப் பழகிய மாணவர், வீடு திரும்பியதும் “எத்தனை?” என்ற கேள்வியோடு “எப்படி வாழ்கின்றன?” என்ற கேள்விக்கும் விடை கூறுவார்.

சிந்தித்து விடை கூறுக.

1. பரப்பளவில் சிறிய டார்ஜிலிங் பூங்கா முதலிடம் பெற்றதிலிருந்து நீ அறிவது என்ன?
2. விலங்குகளை அடைத்து வளர்ப்பது எப்போது நியாயமாகும்? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. உன் வசிப்பிடத்தில் காணப்படும் ஒரு காட்டுயிரைப் பாதுகாக்க நீயும் உன் நண்பர்களும் செய்யக்கூடிய இரண்டு செயல்களைக் கூறுக.