மூணாவது பெட்ரூம் போட்டா வீட்டு விலை ஏறுமா?

வீடு விற்கிற பேச்சு வந்தாலே வாங்க வர்றவங்க கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை பெட்ரூம்?" அதனால விற்பதற்கு முன்னாடி நடுவுல ஒரு சுவரை எழுப்பி, 2 பெட்ரூமை 3 ஆக்குறவங்க உண்டு. இது லாபமா நஷ்டமா? நம்ம காஞ்சிபுரத்து வீட்டை வெச்சே கணக்குப் போடுவோம்.

மாதிரி வீடு

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருவில், 16 அடி அகலம், 60 அடி நீளத்தில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பக்கத்து வீடு ஒட்டி இருக்கு. ஜன்னல் வைக்க முன்பக்கமும் பின்பக்கமும்தான் வழி.

9 அங்குல வெளிச்சுவர் போக உள் அகலம் 14.5 அடி. நடைபாதைக்கு 3 அடியும் ஒரு தடுப்புச் சுவரும் போனால், அறைக்கு 11 அடி மிஞ்சும். முன்னால் ஹால் 14 அடி, பின்னால் சமையலறையும் குளியலறையும் சேர்த்து 13 அடி. குறுக்குச் சுவர்கள் போக நடுவில் சரியாக 30 அடி இருக்கும். இந்த 30 அடிக்கு இரண்டு வழி:

அ) 10 அடியில் மூணு பெட்ரூம்.
ஆ) 10 அடி பெட்ரூம், 10 அடி திறந்த முற்றம், 10 அடி பெட்ரூம்.

இரண்டிலும் ஒரு பெட்ரூம் 110 சதுர அடி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, குடியிருக்கும் அறை ஒன்றுக்குக் கேட்கிற 9.5 சதுர மீட்டரை (சுமார் 102 சதுர அடி) இது தாண்டிடுது. அளவுல இரண்டுமே பாஸ்.

வெளிச்சத்துலதான் வித்தியாசம். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பகுதியில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் திறப்பு வேணும். 110-க்குச் சுமார் 18 சதுர அடி, அதாவது 3 அடிக்கு 3 அடியில் இரண்டு ஜன்னல். 'ஆ'வில் இரண்டு அறைக்கும் முற்றத்துப் பக்கம் ஜன்னல் வைக்கலாம். 'அ'வில் மூணு அறைக்கும் வெளிச்சுவரே கிடையாது. ஒரு அறையைக் கூட்டப் போய், மூணு அறையும் இருட்டாகிடுது! பகல் 12 மணிக்கு லைட் போட்டு வீட்டைக் காட்டினா, வாங்க வந்தவர் என்ன நினைப்பார்?

ரெக்ரஷன் என்ன சொல்லுது?

வீட்டு விலையைப் பரப்பு, அறைகள், இடம் என்று பிரித்துப் பார்க்கிற முறைக்கு ஹெடோனிக் விலை மாதிரி என்று பெயர். ஷெர்வின் ரோசன் 1974-ல் இதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். இதில் மொத்தப் பரப்பும் ஒரு மாறி. பரப்பு மாறாமல் பெட்ரூம் மட்டும் ஒன்று கூடினால் என்ன அர்த்தம்? மற்ற இடம் சுருங்குது, இல்ல அறைகள் சின்னதாகுது. அதனால பெட்ரூமுக்கான கெழு மைனஸில்கூட வரலாம். 3 பெட்ரூம் வீடு பொதுவா விலை அதிகமா இருக்கக் காரணம், அது பெரிய வீடாகவும் இருப்பதுதான். பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பும் மனையின் பரப்பைத்தான் பார்க்கும், பெட்ரூமை எண்ணாது.

யார் வாங்குவாங்க?

ஒரு பெட்ரூமை இரண்டாக்கினால் நிஜமாவே மதிப்பு கூடும். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனி இடம் கிடைக்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போய்வர்ற குடும்பம் இதைத்தான் முதல்ல கேட்கும்.

ஆனா நெசவுக் குடும்பத்துக்குத் தேவை வேற. குழித்தறிக்குத் தரையில் குழி வேணும், நீளமான இடம் வேணும், நூலின் நிறம் தெரிய வெளிச்சம் வேணும். கோர்வைச் சேலைன்னா நெய்பவர் பக்கத்தில் இன்னொருத்தரும் உட்காரணும். தறிக்குழியை மூடி, ஹாலைப் பெட்ரூமா மாத்தினா, அந்தத் தெருவிலேயே இருக்கிற வாடிக்கையாளரை நாமே திருப்பி அனுப்புறோம்.

சுவர் எழுப்பும் முன்

1. புது அறைக்கு நேரடி ஜன்னல் உண்டா?
2. கட்டில், பீரோ போட்ட பிறகு நடக்க இடம் இருக்கா?
3. இன்னொரு பெட்ரூம் வழியாகப் போகாமல் அங்கே போக முடியுமா?
4. மாற்றம் அனுமதி பெற்ற வரைபடத்தோடு ஒத்துப்போகுதா? வாங்குபவரின் வங்கி அதைக் கேட்கும்.

நாலுக்கும் 'ஆமாம்' என்றால் தாராளமா கட்டுங்க. ஒன்றுக்கு 'இல்லை' வந்தாலும், அந்தச் செலவை மேற்கூரைக் கசிவை அடைக்கவும் வயரிங் மாற்றவும் போடச் சொல்லி வீட்டில் பேசிப் பாருங்க. பெரும்பாலும் அப்பா அம்மாவின் ஒரே பெரிய சேமிப்பு அந்த வீடுதான். அரைமணி நேரம் டேப் பிடித்து அளந்து, ஒரு பிளான் வரைந்து காட்டுற வேலையை நாம செய்யலாமே!