திருகை விடு, டயரைப் பார்

தம்பிக்கு,

ஃபியட் 1100 டிலைட்டைக் கழற்றிப் பூட்டியதைப் பற்றி நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். கிங்பின் புஷ்ஷை அடித்து இறக்கியதோடு விடாமல், மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேராக வரும்படி ரீமர் போட்டிருக்கிறாய். அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

கடைசிப் பக்கம்தான் கோபத்தைக் கிளப்பியது. அறுபதைத் தாண்டினால் வண்டி அலைகிறதாம், பழைய வண்டி அப்படித்தானாம்! யார் சொன்னது? ஜி.எஸ்.டி. ரோடு குறுகலாக இருந்த நாளில், எதிரே லாரி வந்தால் இடப்பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கி மறுபடி தாரில் ஏற்றுவோம். திருப்பிய பக்கம் வண்டி போகும். அதுவும் நைலான் டயரில். முன்சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவை, அதாவது டோ-இன்னைப் பார்க்க என் வாத்தியார் நூல்தான் பிடிப்பார். நூல் பிடிக்கும் முன் நாலு டயரையும் தடவிப் பார்ப்பார், காற்றை அளப்பார். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரே கையில் வரும்.

நீயோ எடுத்த எடுப்பில் ஸ்டீயரிங் பாக்ஸ் திருகை இறுக்கியிருக்கிறாய். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது? அதனால் பாக்ஸுக்குள் வார்ம் நடுவில்தான் தேயும். நடுவில் ப்ளே போகும்வரை இறுக்கினால், தேயாத ஓரங்களில் பிடிக்கும். வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். காரணம் உன் திருகுதான்.

அடுத்தது டயர். முன்னால் புது ரேடியல், பின்னால் பழைய நைலான். இப்படிக் கலந்து போடாதே என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியும் யாரும் கேட்பதில்லை. வளைவில் ரேடியல் ரோட்டை இறுகப் பிடிக்கும். நைலான் பக்கவாட்டில் அதிகம் வழுக்கும். ஈர ரோட்டில் பின்பக்கம் வெளியே வீசிவிடும், உயிர் போகிற விஷயம். நீ அனுப்பிய படத்தில் பின்டயரின் பக்கச்சுவரில் 1409 என்று இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு 14-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயவில்லை என்று நம்பிவிட்டாய். ரப்பர் நின்ற இடத்திலேயே கெட்டிப்பட்டுப் போகும் தம்பி.

திருகைத் தளர்த்து. நாலு டயரும் ஒரே வகையில் புதிதாகப் போடு; 5.20-14-க்கு ஈடான குறுகிய டயர் போதும், அழகுக்காக அகலமானதை மாட்டாதே, ரோட்டில் உள்ள வரப்பையெல்லாம் பிடித்துக்கொண்டு இழுக்கும். பிறகு டோ-இன் பார்த்து ஓட்டு. அப்போதும் அலைந்தால் ஐட்லர் புஷ்ஷைப் பார், அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.